வீடு முன்னே, வசதி பின்னே: சென்னைப் புறநகர்க் குடும்ப வீடும் அதன் அக்கம்பக்கமும்

புறநகரில் ஒரு குடும்பம் வாங்கும் வீட்டின் பயனை அதன் பரப்பளவும் அறைகளின் எண்ணிக்கையும் மட்டும் முடிவுசெய்வதில்லை. வாசலுக்கு வெளியே சாலை எந்த உயரத்தில் செல்கிறது, மழைநீர் எத்திசையில் வடிகிறது, குடிநீர் குழாயில் வருகிறதா லாரியில் வருகிறதா, பத்து வயதுக் குழந்தை துணையின்றி நடந்துபோகக்கூடிய தொலைவில் பள்ளி உள்ளதா என்பனவெல்லாம் அவ்வீட்டின் உறுப்புகளாகவே கருதத்தக்கவை. ஆயினும் வீடு தனியார் சொத்தாகப் பத்திரத்தில் பதிவாகிறது. சுற்றுப்புற வசதிகளோ பல அரசுத் துறைகளுக்கும் சந்தைக்கும் எவருக்கும் உரிமையற்ற வெளிக்கும் இடையே சிதறிக் கிடக்கின்றன. சென்னையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு, இவ்விரண்டும் எந்த வரிசையில் அமைந்தன, அந்த வரிசை குடும்ப வாழ்வை எவ்வாறு உருவாக்கியது என்பதை இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது. ஒரு குடும்பம் தன் பணத்தால் தனியே பெறக்கூடிய வசதிகள் முதலிலும், பலர் சேர்ந்தோ அரசு முன்னின்றோ மட்டுமே செய்யக்கூடியவை கடைசியிலும் வந்தன என்பதும், இப்புறநகர்களின் பெரும்பாலான இடர்ப்பாடுகள் இவ்வரிசையிலிருந்தே கிளைக்கின்றன என்பதும் இதன் மையக் கருத்தாகும்.

இருப்புப்பாதையும் குடியிருப்பும்

சென்னையில் திட்டமிட்ட குடியிருப்பு விரிவாக்கம் 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தோடு தெளிவான வடிவம் பெற்றது. மாம்பலம் பகுதியிலிருந்த நெடுங்குளத்தின் நிலத்தை மீட்டு 1920களில் தியாகராய நகர் உருவாக்கப்பட்டபோது, சாலைகளும் பூங்காவும் முதலில் வரைபடத்தில் இடம்பெற்று, மனைகள் அவற்றைச் சுற்றி ஒதுக்கப்பட்டன. நீர்நிலையை அழித்து நகரை விரிக்கும் பழக்கத்திற்கும் அதுவே முன்னோடியாயிற்று என்பதால், அத்திட்டத்தைப் பாராட்டுவோரும் குறைகூறுவோரும் ஒரே இடத்தையே சான்றாகக் காட்ட முடிகிறது. 1931இல் தென்னிந்திய ரயில்வே கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயிலை இயக்கத் தொடங்கியதும், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகிய ஊர்களில் குடியிருந்து நகரில் வேலைக்குச் சென்றுவருவது சம்பளக்காரக் குடும்பங்களுக்கு இயலக்கூடியதாயிற்று. அடையாற்றின் காந்தி நகர் போன்றவை விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தின் முயற்சியால் எழுந்தன. 1958இல் அமைந்த கிண்டி தொழிற்பேட்டையும், 1960களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையும், ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் தெற்கிலும் மேற்கிலும் தொழிலாளர் குடியிருப்புகளை வளர்த்தன.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த வீட்டுவசதி வாரியம் அண்ணா நகர், அசோக் நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் போன்றவற்றை உருவாக்கியது. குறைந்த வருவாய், நடுத்தர வருவாய், உயர் வருவாய் எனக் குடும்பங்களை வகுத்து, எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என்று இன்றும் மக்கள் நாவில் வழங்கும் வீட்டு வகைகளை ஒரே குடியிருப்புக்குள் அமைத்ததும், பள்ளிக்கும் கடைவரிசைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் வரைபடத்திலேயே இடம் விட்டதும் வாரியத்தின் பங்களிப்புகளாகும். அமெரிக்கத் திட்டமிடலாளர் கிளாரன்ஸ் பெர்ரி 1929இல் விளக்கிய ‘அக்கம்பக்க அலகு’ என்னும் கருத்து இந்தியத் திட்டமிடலாளர்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்த காலம் அது. ஒரு தொடக்கப் பள்ளியை நிரப்பும் அளவு மக்கள்தொகையை ஓர் அலகாகக் கொண்டு, குழந்தைகள் பெருஞ்சாலையைக் கடக்காமலேயே பள்ளியையும் பூங்காவையும் அடையும்படி தெருக்களை அமைப்பதே அக்கருத்தின் சாரம்.

வாரிய நகர்கள் நிலத்தேவையின் ஒரு பகுதியையே நிறைவுசெய்தன. எஞ்சிய பெரும்பகுதியைத் தனியார் மனைப்பிரிவுகள் நிறைவுசெய்தன. மனைப்பிரிவு என்பது, ஒரு வயலையோ தோப்பையோ சாலைகளால் பகுத்து, கிரவுண்டு அல்லது அரை கிரவுண்டு அளவுள்ள துண்டுகளாக விற்கும் ஏற்பாடாகும்; ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 1970களிலிருந்து வேளச்சேரி, மேடவாக்கம், மடிப்பாக்கம், போரூர், அம்பத்தூர், ஆவடி எனச் சுற்றிலும் இம்முறையே பரவிற்று. 1977இல் நிறுவப்பட்ட எச்.டி.எப்.சி. போன்ற வீட்டுக்கடன் நிறுவனங்களும், பின்னர் வங்கிகளும் நீண்டகாலக் கடனை எளிதாக்கியபின், முதலில் மனை, பத்தாண்டுகள் கழித்துக் கடைக்கால், ஓய்வுபெறும் தறுவாயில் மாடி என்றிருந்த கட்டுமான முறை சுருங்கி, முப்பது வயதிலேயே முழு வீட்டை வாங்கும் வழக்கம் பெருகிற்று.

பத்திரமும் பொது இடமும்

மனை வாங்குவோர் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஆராய்ந்து பார்க்கின்றனர். பட்டா என்பது வருவாய்த்துறை நில உடைமையை ஒப்புக்கொள்ளும் ஆவணம். வில்லங்கச் சான்று என்பது அந்நிலத்தின்மீது பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றின் பட்டியல். இவை மனைக்கு உரியவர் யார் என்பதைக் காட்டுகின்றனவேயன்றி, அம்மனையைச் சுற்றி எவ்வளவு பொது இடம் உள்ளது என்பதைக் காட்டுவதில்லை. அதைக் காட்டுவது மனைப்பிரிவுக்கு வழங்கப்படும் அங்கீகாரமாகும். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வோ, அதன் எல்லைக்கு வெளியே நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி.யோ இதை வழங்குகின்றன. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் மூலம் வழங்க வேண்டும்; 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ளவற்றில் இடத்திற்கு ஈடாகப் பணம் செலுத்தவும் வழியுண்டு. அலுவலக வழக்கில் ஓ.எஸ்.ஆர். எனப்படும் இந்நிலமே பிற்காலத்தில் பூங்காவாகவோ விளையாட்டிடமாகவோ ஆகத்தக்கது.

ஊராட்சித் தலைவரின் கையெழுத்தை மட்டும் கொண்டு விற்கப்பட்ட ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ மனைகளில் இந்த ஒதுக்கீடு பெரும்பாலும் நிகழவில்லை. அவற்றில் சாலைகளும் குறுகியவை. அடுத்தடுத்த மனைப்பிரிவுகளின் தெருக்கள் ஒன்றோடொன்று இணையாமல் முட்டுச்சந்துகளாக நின்றுவிடுவதும் உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்ததும், 2016 அக்டோபர் 20ஐ வரம்பு நாளாகக் கொண்டு அரசு 2017இல் வரன்முறை விதிகளைக் கொணர்ந்ததும் இச்சிக்கலின் அளவை உணர்த்தின. கட்டணம் செலுத்தி மனையை வரன்முறைப்படுத்தலாம். விடுபட்ட பூங்காவை, எல்லா மனைகளும் விற்றுத் தீர்ந்தபின், அதே இடத்தில் உருவாக்க எந்தக் கட்டணமும் போதாது.

இதற்கு நேரெதிர் வரிசையைப் பின்பற்றிய முயற்சியும் சென்னையிலேயே உண்டு. உலக வங்கியின் கடனுதவியுடன் 1977இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தின் கீழ் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களிலும், அடுத்த கட்டத்தில் முகப்பேரிலும், சாலை, குடிநீர், கழிவுநீர், பள்ளிக்கான இடம் ஆகியவை முதலில் அமைக்கப்பட்டு, சிறு மனைகள் பல வருவாய்ப் பிரிவினருக்கும் வழங்கப்பட்டன. ஏழைக் குடும்பங்கள் தம் வசதிக்கேற்பப் படிப்படியாக வீட்டைக் கட்டிக்கொண்டன. ‘மனையும் வசதியும்’ எனத் தமிழில் கூறத்தக்க இம்முறை, குடியேற்றம் மெதுவாக நடந்ததால் தொடக்கத்தில் தோல்வியாக எண்ணப்பட்டது. பல்லாண்டுகள் கழித்து மும்பையிலும் சென்னையிலும் இத்தகைய இடங்களை மறு ஆய்வு செய்து 2018இல் வெளியான ஆய்வு, இவை பல வருவாய்ப் பிரிவினரும் கலந்து வாழும் நல்ல குடியிருப்புகளாக முதிர்ந்துள்ளன என்ற முடிவுக்கு வந்தது. வீடு காத்திருக்கலாம், தெருவும் வடிகாலும் காத்திருக்க இயலாது என்பதற்கு இதைவிட நெருங்கிய சான்று வேண்டியதில்லை.

காம்பவுண்டு சுவருக்குள் ஒரு சிறு நகராட்சி

பொது வசதி வராத இடத்தில் குடும்பம் அதைத் தன் மனைக்குள்ளேயே அமைத்துக்கொள்கிறது. போர்வெல், தரைக்கடியில் சம்ப் எனப்படும் நீர்த்தொட்டி, மாடியில் சின்டெக்ஸ், சமையலறையில் ஆர்.ஓ. வடிகட்டி, பின்புறம் செப்டிக் டேங்க், மாடிப்படியின் கீழ் இன்வெர்ட்டர் ஆகியவை புறநகர் வீட்டின் வழக்கமான உறுப்புகளாகிவிட்டன. நீரும் மூவகையாகப் பிரிந்துள்ளது: துவைக்கவும் துலக்கவும் போர் தண்ணீர், அது வற்றினாலோ உவர்த்தாலோ லாரித் தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன். சென்னைக் குடிநீர் வாரியம் 1978இல் அமைக்கப்பட்டது என்றாலும், புறநகர்ப் பகுதிகள் பலவற்றுக்குக் குழாயும் பாதாளச் சாக்கடையும் வீடுகள் எழும்பிப் பல ஆண்டுகள் கழிந்தபின்னரே வந்தன.

இவ்வேற்பாட்டின் உள்முரணை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். கழிவுநீர் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது பரவலாகக் கூறப்படும் அறிவுரை. 30 அடிக்கு 40 அடி கொண்ட அரை கிரவுண்டு மனையின் மூலைவிட்டம் 50 அடி, அதாவது ஏறத்தாழ 15 மீட்டர். எதிரெதிர் மூலைகளில் அமைத்தாலும் இடைவெளி அந்த வரம்பை எட்டுவதே அரிது. போர்வெல் இருக்கும் மூலையை ஒட்டியே அண்டைவீட்டாரின் செப்டிக் டேங்க் இருக்கக்கூடும். ஒவ்வொரு வீடும் விதிப்படி கட்டப்பட்டிருந்தாலும், அத்தகைய நூறு வீடுகள் சேர்ந்த தெருவில் நிலத்தடி நீர் தூய்மையாக இருக்கும் என எதிர்பார்க்க முடியாது. தனித்தனித் தீர்வுகள் கூடும்போது பொதுச் சிக்கலாக மாறுகின்றன என்பதை இது காட்டுகிறது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சென்னையின் சராசரி ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் விழும் நீர் ஆண்டுக்குச் சுமார் 1,30,000 லிட்டர். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுகோலின்படி நால்வர் கொண்ட குடும்பத்திற்கு அது கிட்டத்தட்ட எட்டு மாதத் தேவை. வீணாவதைக் கழித்தாலும் ஆறு மாதத்திற்குக் குறையாது. இந்நீர் ஒரே பருவத்தில் வந்துவிடுவதால், அதை மண்ணுக்குள் இறக்கி வைப்பதன் பயன் அவ்வீட்டோடு நில்லாமல் தெரு முழுவதற்கும் செல்கிறது. எனவேதான் எல்லா வீடுகளும் ஒருங்கே செய்தாலொழிய இத்திட்டம் முழுப்பயன் தருவதில்லை.

வீட்டின் வடிவமும் இதனிடையே மாறிவிட்டது. தரைத்தளத்தில் உரிமையாளரும் மாடிப் போர்ஷனில் குடித்தனக்காரரும் வாழ்ந்த தனிவீடு, நிலமதிப்பு உயர்ந்தபின், கட்டுநருடன் செய்யும் கூட்டு ஒப்பந்தத்தின் மூலம் இடிக்கப்பட்டு அடுக்ககமாகிறது. மனைப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதைக் குறிக்கும் தளப்பரப்புக் குறியீடு 2019 விதிகளில் பொதுவாக 2 என வகுக்கப்பட்டுள்ளது. ஆகவே ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி, அதாவது 800 சதுர அடி கொண்ட ஆறு வீடுகள் எழலாம். நிலம் எவருக்கும் தனியாக இன்றி, யூ.டி.எஸ். எனப்படும் பிரிபடாத பங்காக அனைவருக்கும் உரியதாகிறது. இரண்டு குடும்பங்கள் இருந்த இடத்தில் ஆறு குடும்பங்கள் வர, வாகனங்களும் கழிவுநீரும் ஏறத்தாழ மூன்று மடங்காகின்றன. எதிரேயுள்ள இருபதடிச் சாலையும் குறுகிய வடிகாலும் பழைய அளவிலேயே நிற்கின்றன.

ஏரியின் கீழே எழுந்த வீடு

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் நில அமைப்பு ஏரிகளால் ஆனது. மேட்டில் உள்ள ஏரி நிறைந்ததும் மிகை நீர் கலங்கல் வழியே வெளியேறி, போக்குக் கால்வாயில் ஓடி அடுத்த ஏரிக்குச் செல்லும். கலங்கல் என்பது நிரம்பிய நீர் கரையை உடைக்காமல் வழிந்தோட அமைக்கப்பட்ட தாழ்ந்த பகுதி. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஆகிய ஏரிகள் இவ்வாறு தொடர்பு கொண்டு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் முடிகின்றன. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக நீர் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. ஏரிக்குக் கீழே பாசனம் பெற்ற ஆயக்கட்டு வயல்களே பிற்காலத்தில் மனைகளாயின என்பதால், புறநகர் வீடுகள் பல ஏரியின் கரைமட்டத்தைவிடத் தாழ்ந்த நிலத்தில் நிற்கின்றன. பாசனம் நின்றதும் கால்வாய்கள் பயனற்றவையாகத் தோன்றி, தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் போயின. எனினும் மழைநீருக்கு அவையே இன்றும் வழி.

2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் அடையாற்றின் மேற்பகுதியிலுள்ள முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளும் நீரில் மூழ்கியதை இப்பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள இயலும். பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது; அதற்கு முன்பே குப்பைக் கிடங்கும் சாலைகளும் கட்டடங்களும் அதன் பெரும்பகுதியை விழுங்கிவிட்டிருந்தன.

வெள்ளத்திற்கு எதிராகவும் குடும்பம் தனியே தற்காத்துக்கொள்ள முயல்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய தார்ச்சாலை போடப்படுவதால் தெருமட்டம் உயர, முன்பு மூன்று படி ஏறிச் சென்ற வீடு தெருவைவிடத் தாழ்ந்துவிடுகிறது. வாசலில் தடுப்புச்சுவர் எழுப்புவதும், தரையை மண்கொட்டி உயர்த்துவதும், வசதியுள்ளோர் ஜாக்கிகளை வைத்து வீட்டையே சில அடி தூக்கி நிறுத்துவதும் இதன் விளைவுகளாகும். உயர்த்தப்பட்ட ஒவ்வொரு மனையும் தன் பங்கு நீரை அடுத்த வீட்டிற்குத் தள்ளுகிறது. தெருவின் உயரத்தைக் கட்டுப்படுத்துவது மிக எளிய பொதுப்பணி; அது செய்யப்படாதபோது ஏற்படும் செலவு, வீடுவீடாகப் பிரிந்து விழுவதால் எந்த நிதிநிலை அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

நடந்து செல்லும் தொலைவு

வணிக வசதிகள் புறநகருக்கு விரைவாக வருகின்றன. பத்துப் பதினைந்து வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கியதும் அண்ணாச்சி கடை திறக்கப்படுகிறது. மாவுக் கடையும் இஸ்திரி வண்டியும் மருந்துக் கடையும் தொடர்கின்றன. சிறிது காலத்தில் தனியார் பள்ளியின் வேன் தெருமுனையில் நிற்கிறது. அரசின் பொறுப்பிலுள்ள நியாயவிலைக் கடை, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், நூலகம் ஆகியவற்றின் வரவு அவ்வளவு உறுதியானதன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டிய விதிகள் தொடக்க வகுப்புகள் 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலை வகுப்புகள் 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. நடைபாதை இல்லாத சாலையில் அந்த 1 கிலோமீட்டரும் பெற்றோரின் இருசக்கர வாகனத்தால் கடக்கப்படும் தொலைவாகவே உள்ளது. நூலகத்தின் நிலையும் இத்தகையதே: 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்துவரியோடு 10 சதவீத நூலக வரி வசூலிக்கப்படுகிறது, வரியைத் தவறாது செலுத்தும் பல புதுக்குடியிருப்புகளுக்கு நடந்து செல்லும் தொலைவில் கிளை நூலகம் கிடையாது.

போக்குவரத்தில் முன்னேற்றம் மிகுதி. கடற்கரையிலிருந்து செல்லும் பறக்கும் ரயில் 2007இல் வேளச்சேரியை எட்டியது. மெட்ரோ ரயில் 2015இல் தொடங்கி, மூன்று வழித்தடங்களில் ஏறத்தாழ 119 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டமாக விரிகிறது. 2023இன் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புறநகர்ப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. ஆயினும் நிலையத்திற்கும் வீட்டிற்கும் இடைப்பட்ட கடைசி இரண்டு கிலோமீட்டரே அன்றாடப் பயணத்தின் கடினமான பகுதி. 2013இல் அறிமுகமான சிற்றுந்துகளும் ஷேர் ஆட்டோக்களும் இவ்விடைவெளியைக் குறைத்தன. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறையில் உள்ளது. பேருந்து செல்லும் சாலையை ஒட்டிய வீட்டிற்கும் உள்தெரு வீட்டிற்கும் இடையிலான வேறுபாடு, வேலைக்குச் செல்லும் பெண்ணைப் பொறுத்தவரை, இதனால் மேலும் பொருள்படுவதாயிற்று.

இந்த இடைவெளிகளின் சுமை குடும்பத்திற்குள் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. தண்ணீர் லாரிக்காகக் காத்திருப்பதும், குழந்தையைப் பள்ளியிலும் தனிவகுப்பிலும் கொண்டுவிடுவதும் பெரும்பாலும் பெண்களின் மேல் விழுகின்றன. பூங்காவும் நடைபாதையும் இல்லாத தெருவில் முதியோரின் உலகம் மொட்டை மாடி அளவிற்குச் சுருங்குகிறது. வாகனம் ஓட்டத் தெரிந்த ஒருவரைச் சார்ந்தே வீட்டிலுள்ள மற்றவர்கள் வெளியுலகை அடைகின்றனர்.

யாருடைய பொறுப்பு

வசதிகள் பிந்துவதற்கு ஆட்சி எல்லைகளின் தாமதமும் காரணமாகும். ஊராட்சியாக இருக்கும்போதே மனைகள் விற்கப்படுகின்றன; பேரூராட்சியாகும்போது வீடுகள் நிறைகின்றன; நகராட்சியோ மாநகராட்சியோ ஆகும்போது அடுக்ககங்கள் எழுகின்றன. 2011இல் 42 உள்ளாட்சிகள் இணைக்கப்பட்டுச் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174இலிருந்து 426 சதுர கிலோமீட்டராயிற்று; ஆவடி 2019இலும் தாம்பரம் 2021இலும் மாநகராட்சிகளாயின; சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022இல் விரிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் நிர்வாகம், ஏற்கெனவே கட்டிமுடிந்த ஊரைப் பொறுப்பேற்று, வீடுகளுக்கு இடையே குழாயும் வடிகாலும் பதிக்க இடம் தேடும் நிலைக்கு உள்ளாகிறது.

பொறுப்பும் சிதறியுள்ளது. ஏரி நீர்வளத்துறைக்கும், பெருஞ்சாலை நெடுஞ்சாலைத்துறைக்கும், உள்தெரு உள்ளாட்சிக்கும், குழாய் குடிநீர் வாரியத்திற்கும் உரியவை. இவற்றிடையே தூது செல்லும் பணியைக் குடியிருப்போர் நலச்சங்கங்கள் ஏற்றுள்ளன. ஏரிகளை மீட்டதிலும் ஓ.எஸ்.ஆர். நிலங்களைக் காத்ததிலும் அவற்றின் உழைப்பு மறுக்க முடியாதது. வீட்டு உரிமையாளர்களின் குரலே அவற்றில் ஓங்கியிருப்பதும், குடித்தனக்காரர்களும் குடிசைவாழ் மக்களும் அவற்றில் இடம்பெறாமையும் அவற்றின் வரம்பாகும். 2016 முதல் 2022 வரை சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லாதிருந்தது. அதன்பின் வகுக்கப்பட்ட வார்டு குழுக்களும் பகுதி சபாக்களும் எல்லாக் குடியிருப்போருக்கும் உரிய மன்றங்களாக வளர இடம் தருகின்றன.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், புறநகர் வசதிகள் மூன்று வகைப்படும். போர்வெல் போலக் குடும்பம் தானே அமைப்பவை முதல் வகை. கடையும் தனியார் பள்ளியும் போலச் சந்தை கொணர்பவை இரண்டாம் வகை. வடிகால், பூங்கா, நடைபாதை, நூலகம் போலப் பொதுநிலமும் பொதுநிதியும் இன்றி அமையாதவை மூன்றாம் வகை. முதலிரண்டு வகையில் ஏற்படும் குறையைப் பின்னர் பணத்தால் ஈடுசெய்யலாம். மூன்றாம் வகைக்குரிய நிலம் மனை விற்பனையின்போதே பிரித்து வைக்கப்படாவிடில் பின்னர் மீட்பது அரிது என்பதால், அங்கீகாரம் வழங்கும் கட்டமே ஒரு குடியிருப்பின் எதிர்காலத்தை முடிவுசெய்யும் கட்டமாகிறது. விரிந்துள்ள பெருநகர எல்லைக்குள் இன்னும் வயலாகவும் தோப்பாகவும் உள்ள பகுதிகளில், நீர் வழிந்தோடும் பாதைகளையும் இணைப்புச் சாலைகளையும் பள்ளி, பூங்கா இடங்களையும் முதலில் அளந்து கல்நட்டபின் மனைகளைப் பிரிக்க அனுமதிப்பதே, அரும்பாக்கமும் முகப்பேரும் தரும் பாடத்தை நடைமுறைப்படுத்தும் வழியாகும். ஏற்கெனவே நிறைந்துவிட்ட பகுதிகளில் தெருமட்டத்தை நிலைநிறுத்துதல், எஞ்சிய ஓ.எஸ்.ஆர். நிலங்களின் பட்டியலை வார்டுதோறும் வெளியிடுதல், தளப்பரப்பை வடிகால், குடிநீர் ஆகியவற்றின் கொள்ளளவோடு பொருத்துதல் ஆகிய மூன்றும் உடனடியாகச் செய்யத்தக்கவை. வீடு வாங்கும் குடும்பமும் வில்லங்கச் சான்றோடு மனைப்பிரிவின் வரைபடத்தையும் கேட்டுப் பெற்று, அதில் பொது இடமாகக் காட்டப்பட்டுள்ளவை களத்திலும் அவ்வாறே உள்ளனவா என்று நேரில் சரிபார்த்தல் வேண்டும்.